ஹூக்ளி அறம் கற்பிக்கும் பாடம்

தருமம் செய்கிறவர்களுக்கு நம் நாட்டில் என்றுமே குறைவு இருந்ததில்லை. செய்த தருமம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பின்னாளில் கணக்குக் கேட்பவர்களுக்குத்தான் குறைவு. சத்திரம் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று நிலமும் பணமும் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தவரின் பெயர் கல்லிலே இருக்கிறது. யாருக்காக எழுதி வைத்தாரோ அந்த ஏழைப் பிள்ளை எங்கே இருக்கிறான்? கலாசாலை வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா? இப்படிக் கேட்பது கொடையாளரை அவமதிப்பது ஆகாது. அவர் நினைத்த காரியம் நடக்கிறதா என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டை விட்டு வந்து வங்காளத்தில் படிக்கும் நமக்கு, இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஹௌராவில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹூக்ளி. ஆற்றங்கரையில் இரட்டைக் கோபுரமும் நடுவே பெரிய கடிகாரமுமாக நிற்கும் இமாம்பாடாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். கோபுரத்தின் மேல் ஏறி ஆற்றைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பியிருப்போம். 1841-இல் தொடங்கி 1861-இல் முடிந்த அந்தக் கட்டடத்தை எழுப்பிய பணமும், சற்றுத் தொலைவில் சின்சுராவில் இருக்கும் ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியைத் தோற்றுவித்த பணமும் ஒரே மனிதரின் கொடை. ஹாஜி முகம்மது மொஹ்சின் என்பது அவர் பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கொடை நடந்து வந்த பாதையில் மாணவர் உதவியைப் பற்றி நாம் கற்க வேண்டியது மிகுதி.

சாசனம்

மொஹ்சின் 1732-இல் பிறந்தார், 1812-இல் மறைந்தார். நன்றாகக் கற்றவர். ஈரான், ஈராக், அரேபியா முதலிய நாடுகளில் பல ஆண்டுகள் சுற்றியவர். திருமணம் செய்துகொள்ளாதவர். ஒரு தாய் வயிற்றில் பிறந்த சகோதரி மன்னுஜான் மகப்பேறின்றி 1803-இல் இறந்தபோது, ஜெஸ்ஸூர்ப் பகுதியிலிருந்த சையத்பூர் ஜமீன் முதலான அவளுடைய சொத்து முழுவதும் இவர் கைக்கு வந்தது. எழுபது வயதைக் கடந்த பிரமசாரிக்கு அவ்வளவு சொத்து எதற்கு? 1806-இல் அவர் எல்லாவற்றையும் வக்ஃபாக எழுதி வைத்துவிட்டார்.

அந்தச் சாசனம் வருமானத்தை ஒன்பது பங்காகப் பிரித்தது. மூன்று பங்கு சமயக் காரியங்களுக்கு. இரண்டு பங்கு நிர்வாகம் செய்யும் முத்தவல்லிகளுக்கு. நான்கு பங்கு சம்பளம், உதவிச் சம்பளம், தருமம் ஆகியவற்றுக்கு. கலாசாலைக்கென்று தனிப் பங்கு ஏதும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அவருடைய தலைமுறை 1769-70-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை. அன்று ஏழையைத் தடுத்து நிறுத்தியது பசி. ஆகவே உதவி என்றால் சோறும் மாதப் படியும்தான் நினைவுக்கு வரும். பட்டம் பெற்றால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்ற வாழ்க்கை முறை அப்போது இன்னும் பிறக்கவில்லை.

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே முறைகேடு தலை காட்டியது. முத்தவல்லிகள் சொத்தைச் சரியாக நடத்தவில்லை என்று கும்பினி சர்க்கார் தலையிட்டு, நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வழக்குத் தொடங்கி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வழக்கு நடந்த காலமெல்லாம் ஜமீன் வருமானம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே வந்தது. வழக்கு முடிந்தபோது பல லட்சம் ரூபாய் கையிருப்பில் நின்றது. சர்க்கார் யோசித்தது. தருமம் என்ற சொல்லுக்குள் கல்வியும் அடங்கும் என்று முடிவு கட்டியது. 1836 ஆகஸ்டு முதல் தேதி ஹூக்ளிக் கல்லூரி திறக்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பச்சையப்ப முதலியாரின் நினைவு வராத தமிழ் மாணவன் இருக்க முடியாது. 1794-இல் அவர் மறையும் முன் எழுதிய உயிலும் பெரிதும் கோயில் காரியங்களையும் அன்ன தானத்தையும் பற்றியதுதான். அங்கும் நெடுங்கால வழக்கு. அங்கும் சேர்ந்து கிடந்த பணம். அங்கும் நீதிமன்றத்தின் வழியே அது கல்விக்குத் திரும்பி, 1842 சனவரி முதல் தேதி சென்னையில் பள்ளியாகப் பிறந்தது. ஆறு ஆண்டு இடைவெளியில், ஆயிரம் மைல் தொலைவில், இரண்டு தருமங்கள் ஒரே திருப்பத்தில் திரும்பின. கொடையாளரின் எழுத்தைக் காலம் மாற்றலாமா என்று தயங்குகிறவர்களுக்கு இவை இரண்டும் விடை. மாற்றாமல் விட்டிருந்தால் இரண்டும் பழைய தஸ்தாவேஜுகளாய்ப் போயிருக்கும். மாற்றம் வேண்டியதே. எந்தப் பக்கம் மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

வாசல் திறந்தது, நுழைந்தது யார்?

ஹூக்ளிக் கல்லூரி நாட்டுக்குச் செய்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் அங்கே படித்தார். நாடக ஆசிரியர் துவிஜேந்திரலால் ராய் அங்கே படித்தார். காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி அங்கே படித்தார். பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவில் அமர்ந்த முதல் இந்தியரான சையத் அமீர் அலியும் அந்தக் கல்லூரி மாணவரே. வந்தே மாதரத்தை எழுதிய கை, ஒரு முஸ்லிம் பெரியவரின் வக்ஃபினால் எழுந்த கல்லூரியில் பாடம் எழுதிய கை என்பதை நினைத்தால், இந்த நாட்டின் சரித்திரம் நம் மேடைப் பேச்சுகளைவிட எவ்வளவோ விசாலமானது என்று தெரியும்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் கல்லூரியின் ஆங்கிலப் பிரிவில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிம் மாணவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. கொடையாளரின் சமயத்தைச் சேர்ந்த ஏழைப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். யாரும் அவர்களை அடித்து விரட்டவில்லை. வாசல் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. திறந்திருந்தும் அவர்கள் நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை? 1837-இல் நீதிமன்ற மொழியாக இருந்த பாரசீகம் நீக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எந்தக் கல்வியை நம்பி ஒரு சமூகம் உத்தியோகம் பார்த்ததோ, அந்தக் கல்வி ஒரே சட்டத்தினால் விலை போகாத சரக்காயிற்று. புதிய ஆங்கிலக் கல்வியின் மீது ஐயமும் தயக்கமும் வேறு. இவற்றோடு வறுமை. கட்டணம், புத்தகம், ஊர் விட்டு ஊர் வந்து தங்கும் செலவு என்று எல்லாம் சேர்ந்தால், கிராமத்து ஏழைக் குடும்பத்துக்குத் திறந்த வாசலும் மூடிய வாசலும் ஒன்றுதான்.

1871-இல் வெளிவந்த 'இந்திய முசல்மான்கள்' என்ற நூலில் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற ஆங்கில அதிகாரியே இதை எடுத்துச் சொல்லி, மொஹ்சின் நிதியைச் சர்க்கார் நடத்திய விதத்தைக் கண்டித்தார். அவருக்கு முன்பே கல்கத்தாவில் நவாப் அப்துல் லத்தீஃப் இந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லிப் போராடி வந்தார். 1863-இல் முகம்மதிய இலக்கியச் சங்கத்தை நிறுவியவர் அவர். ஒரு சங்கம் கூடிப் பேசி, மனுப் போட்டு, சர்க்காரை அசைக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

இதை இந்து முஸ்லிம் வழக்காக மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். நம் பச்சையப்பர் பள்ளியில் நிலைமை தலைகீழ். அங்கே இந்துக்களுக்கு மட்டுமே இடம். 1947-இல்தான் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தது. ஓரிடத்தில் கொடையாளரின் இனத்தார் வெளியே நின்றார்கள். மற்றோரிடத்தில் பிறர் வெளியே நின்றார்கள். இரண்டிலும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. கட்டடம் எழுப்பி, வாத்தியாரை அமர்த்தி, மணி அடித்துவிட்டால் தருமம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. வரக் கூடியவன்தான் வருவான். வர முடியாதவனை எது தடுக்கிறது என்று கேட்டு அதை நீக்குவதுதான் மாணவருக்குச் செய்யும் தருமம்.

1873-இன் திருத்தம்

அந்தக் கேள்வி 1873-இல் கேட்கப்பட்டது. நார்த்புரூக் பிரபு வைசிராயாகவும் சர் ஜார்ஜ் காம்பெல் வங்காளத்து லெப்டினன்ட் கவர்னராகவும் இருந்த காலம். ஹூக்ளிக் கல்லூரியின் செலவைச் சர்க்கார் தன் பணத்தில் ஏற்றுக்கொள்வது என்றும், மொஹ்சின் நிதியை முஸ்லிம் மாணவர் கல்விக்கே விடுவிப்பது என்றும் முடிவாயிற்று. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய ஊர்களில் மதரஸாக்கள் எழுந்தன. உபகாரச் சம்பளங்கள் ஏற்பட்டன. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஏற்பாடு வேறொன்று. சர்க்கார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நிதி கட்டும். மாணவன் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும்.

இந்த ஏற்பாட்டின் நயத்தை எண்ணிப் பாருங்கள். அதுவரை பணம் ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில் இருந்தது. மாணவன் அதைத் தேடிப் போக வேண்டும். இப்போது பணம் மாணவனோடு போகத் தொடங்கியது. அவன் கல்கத்தாவில் படித்தாலும் டாக்காவில் படித்தாலும் அது அவனுக்கு உண்டு. மூன்று ரூபாய் கட்டணம் என்றால் ஒரு ரூபாயைப் புரட்டினால் போதும். ஒரு ரூபாயைக் குடும்பம் எப்படியாவது புரட்டிவிடும். தானும் கட்டிப் படிக்கிறேன் என்ற நிமிர்வு மாணவனுக்கு இருக்கும். ஒருவனுக்கு முழுக் கட்டணம் கொடுக்கும் பணத்தில் ஒன்றரைப் பேர் படிக்கலாம். முதல் மாணவன் ஒருவனைப் பொறுக்கி எடுத்துப் பொற்பதக்கம் சூட்டுகிற வேலை அல்ல இது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனும் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்கச் செய்கிற வேலை.

குறை இல்லாமல் இல்லை. அந்த ஒரு பங்கும் கட்ட முடியாதவன் இருந்தான். அவனுக்கு மூன்றில் ஒன்றும் முழுச் சுவர்தான். பக்கத்து வீட்டு இந்து ஏழைக்கு இந்த நிதியில் வழி இல்லை. மதரஸாவுக்குப் போன பணம் அதிகமா, கல்லூரி மாணவனுக்குப் போன பணம் அதிகமா என்ற வாதமும் உண்டு. ஆனாலும் திசை சரியானது. இந்தியாவில் பழைய தருமம் ஒன்று தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்ட அரிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று என்று நான் கருதுகிறேன்.

பின்னர் 1947 வந்தது. இமாம்பாடாவும் கல்லூரியும் இந்தியாவில். சையத்பூர் நிலங்கள் கிடந்த ஜெஸ்ஸூர், குல்னா பகுதி கிழக்குப் பாகிஸ்தானில். 1950-இல் கிழக்கு வங்கத்தில் வந்த சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. எந்த நிலத்தின் குத்தகை ஒன்பது பங்காகப் பிரிந்ததோ, அந்தப் பழைய ஏற்பாடு அடியோடு மாறிவிட்டது. ஆயினும் மொஹ்சின் பெயர் அழியவில்லை. மேற்கு வங்கத்தில் அவர் பெயரால் மாணவருக்கு உதவித்தொகை உண்டு. சிட்டகாங்கில் அவர் பெயரால் கல்லூரி. டாக்கா பல்கலைக் கழகத்தில் அவர் பெயரால் விடுதி. இரண்டு நாடுகள் ஒருவருடைய பெயரைப் பகிர்ந்துகொள்வது சிறிய பெருமை அன்று.

தடை இடம் மாறிவிட்டது

இனி நம் காலத்துக்கு வருவோம். 1806-இல் தடை பசி. 1836-இல் தடை, பள்ளி இல்லாமை. 1873-இல் தடை கட்டணம். இன்று தடை எது?

கட்டணம் என்று பலர் உடனே சொல்வார்கள். தனியார் கல்லூரிகளைப் பொறுத்த வரை அது மெய். ஆனால் சர்க்கார் பல்கலைக் கழகங்களில் படிப்புக் கட்டணத்தைச் சமாளிக்க ஓரளவு வழி பிறந்திருக்கிறது. அம்பேத்கரின் முயற்சியால் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு 1944-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய உபகாரச் சம்பளம் இன்று வரை தொடர்கிறது. பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையோர் என்று பிற்பாடு திட்டங்கள் விரிந்தன. அவற்றில் குறை ஆயிரம் உண்டு. எனினும் சர்க்கார் அந்தப் பொறுப்பைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

மாணவனை இன்று வீழ்த்துவது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே இருக்கிற செலவு. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு மாதா மாதம் வருகிறது; உபகாரச் சம்பளம் ஆண்டு முடியும்போது வருகிறது, சில சமயம் ஆண்டு முடிந்த பிறகு வருகிறது. இடையிலுள்ள பத்து மாதம் அவன் என்ன செய்வான்? விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுத்தால் முன்பணம் கேட்கிறார்கள். முதல் பருவத்திலேயே மடிக் கணினி வேண்டும் என்கிறார்கள். ஊரில் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால், ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஓர் இரவும் ஒரு பகலும் தாண்டிப் போகும் வண்டிக்குச் சீட்டு வாங்கக் கையில் காசு வேண்டும். பாக்கி கட்டாதவனுக்குத் தேர்வுச் சீட்டு இல்லை என்று நிறுத்தி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. படிப்பில் தோற்றவர்களைப் பட்டியல் போட்டுச் சொல்கிறார்கள். சாப்பாட்டுப் பாக்கியால் ஊர் திரும்பியவர்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தவர் யார்?

வெளி மாநிலத்தில் படிக்கும் நமக்கு இன்னொரு தொல்லை. நம் மாநிலத்துச் சலுகைகளில் பல, அந்த மாநில எல்லைக்குள் படிப்பவர்க்கே. இங்குள்ள மாநிலச் சலுகைகளோ இந்த மாநிலத்தவர்க்கு. தாசில்தார் தரும் வருமானச் சான்று ஊரில் இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதி இங்கே இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைப்பதற்குள் தேதி போய்விடுகிறது. சான்று தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் கொண்டு வா என்பார்கள். பாங்குக் கணக்கோடு ஆதார் இணையவில்லை என்று இணையத்தளம் ஏற்றுக்கொள்ள மறுக்கும். உதவி இல்லாமல் இல்லை. அந்த உதவிக்கும் மாணவனுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அவன் விழுகிறான்.

பழைய தருமங்கள் நுழைய வேண்டிய இடம் இதுதான். சர்க்கார் பெரிய யானை. அதனால் மெள்ளத்தான் நடக்க முடியும். தனியார் தருமத்துக்கு அந்தப் பாரம் இல்லை. ஒரு கடிதத்தின் பேரில், ஒரே வாரத்தில், ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து ஒரு படிப்பைக் காப்பாற்ற அதனால் முடியும். ஆனால் நம் தருமங்களில் பல இன்னும் கல்லையே நாடுகின்றன. புதிய கட்டடம், புதிய அரங்கம், வாசலில் பளிங்குப் பலகை. பலகையில் பெயர் இருக்கும். சாப்பாட்டுப் பாக்கியைக் கட்டினால் பெயர் எங்கே எழுதுவது? இந்த ஆசை இயற்கையானதே. ஆனால் மொஹ்சின் கொடையில் 1836 முதல் 1873 வரையிலான முப்பத்தேழு ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால், கல் மட்டும் ஏழையைப் படிக்க வைக்காது என்பது விளங்கும்.

சில மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்வார்கள்.

கட்டடம் நூறாண்டு நிற்கும்; ஒரு மாணவனின் சாப்பாட்டுக்குக் கொடுத்த பணம் அன்றே செரித்துவிடும் என்பது முதல் மறுப்பு. நான் கேட்கிறேன்: அந்த மாணவன் நிற்க மாட்டானா? அவன் தம்பி தங்கையரைப் படிக்க வைக்க மாட்டானா? கிராமத்தில் ஒரு பிள்ளை பட்டம் பெற்று வந்தால் அந்தத் தெருவே பள்ளிக்கூடத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். இதைக் காணாத தமிழ்க் கிராமம் இல்லை.

தகுதி உள்ளவனுக்கே கொடுக்க வேண்டும். மதிப்பெண் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுப்பது நல்லது. அதற்குப் பரிசு என்றே பெயர் வையுங்கள். உதவிக்கு அளவுகோல் தேவைதான். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்கிறவனின் அறுபதும், வீட்டிலே தனி ஆசிரியர் வைத்துப் படித்தவனின் தொண்ணூறும் ஒரே தராசில் ஏறுமா? வகுப்புக்கு ஒழுங்காக வருகிறானா, தேர்வில் தேறி வருகிறானா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, ஏமாற்றுவார்கள் என்பது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற பழமொழியை எடுத்து வீசுவார்கள். மாணவன் பாத்திரம் ஏந்தி நிற்பவன் அல்லன். ஒருவன் ஏமாற்றிவிடுவானோ என்று அஞ்சி ஒன்பது பேரைப் பத்துச் சான்றிதழ்களுக்கு அலைய வைப்பது சிக்கனமும் அன்று, அறமும் அன்று. மொஹ்சின் கொடையின் சரித்திரத்தைப் பாருங்கள். அதில் முறைகேடு என்று சர்க்கார் தலையிட நேர்ந்தது ஏழைகள் செய்த குற்றத்தால் அன்று. நிர்வாகம் செய்தவர்கள் நடந்துகொண்ட விதத்தால். ஆகவே சோதனை வேண்டுமானால் இரு பக்கமும் வேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது, எத்தனை மாணவருக்குப் போயிற்று, நிர்வாகத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று ஒவ்வொரு தருமமும் எல்லாரும் பார்க்க வெளியிடட்டும். வாங்கியவர்களின் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். மேடையில் ஏற்றி, காசோலையைப் பெரிய அட்டையில் எழுதி, படம் பிடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அன்று கைதட்டலோடு வாங்கிய மாணவன் மறுநாள் வகுப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை அந்தப் படம் காட்டாது.

நாம் செய்யக் கூடியது

மொஹ்சின் போல ஜமீன் எழுதி வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆனால் தடை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்த அளவு பெரிய தருமங்களின் தருமகர்த்தாக்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவிப்பதே நம் முதல் வேலை. அப்துல் லத்தீஃபின் சங்கம் அதைத்தான் செய்தது. நம் போன்ற மாணவர் சங்கங்கள் ஆண்டு விழா நடத்துவதோடும் பொங்கல் வைப்பதோடும் நின்றுவிடாமல், உறுப்பினரிடையே எத்தனை பேர் எந்த மாதத்தில் எதற்காகக் கடன் வாங்குகிறார்கள் என்று பெயர் குறிப்பிடாமல் விவரம் சேகரிக்க வேண்டும். அந்த விவரத்தோடு தருமங்களுக்கும் பல்கலைக் கழகத்துக்கும் எழுத வேண்டும். உதவித்தொகையைப் பருவத் தொடக்கத்தில் கொடுங்கள், அது வரும் வரை சாப்பாட்டுப் பாக்கிக்காகத் தேர்வுச் சீட்டை நிறுத்தாதீர்கள் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை, நமக்குள்ளேயே ஒரு சிறு நிதி. விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். ஒரு மாதச் சாப்பாட்டுக் கணக்கு, ஊருக்குப் போக ஒரு ரயில் சீட்டு, இவ்வளவுதான் அதன் வேலை. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. உபகாரச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும், கட்ட முடியாதவன் வேலைக்குப் போன பிறகு கட்டலாம். இருவர் மட்டும் கணக்கைப் பார்க்கட்டும். தொகை எல்லாருக்கும் தெரியட்டும். பெயர் யாருக்கும் தெரிய வேண்டாம். இந்த நிதியைத் தமிழனுக்கு மட்டும் என்று வேலி கட்டவும் வேண்டாம். பக்கத்து அறையில் இருக்கும் ஒரிசாக்காரனும் பீகார்க்காரனும் வீட்டை விட்டு வந்தவர்களே.

மூன்றாவது வேலை, முதலாண்டு மாணவர்களுக்கு வழி காட்டுவது. எந்தச் சான்று எங்கே வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்று ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவர்களுக்கு எழுதினால், பல படிப்புகள் பிழைக்கும். இதற்குக் காசும் தேவையில்லை. மூத்த மாணவர் ஒருவரின் ஒரு மாலைப் பொழுது போதும்.

ஒரு தருமம் எழுதியவரின் சொல்லிலே உயிர் வாழ்வதில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவனைத் தேடிக்கொண்டே இருக்கும் வரையில்தான் அது உயிர் வாழும். ஹூக்ளியின் கொடை அவனைத் தேடி முதலில் பசித்தவர் வீட்டுக்குப் போயிற்று, பிறகு கல்லூரிக்குப் போயிற்று, பிறகு கட்டணச் சீட்டுக்குப் போயிற்று. இன்று அவன் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறான். அவன் நம் அறைக்கு அடுத்த அறையில் இருக்கலாம். பெரிய தருமங்கள் அவனிடம் வந்து சேரும் வரை காத்திராமல், நாம் முதலில் போய்க் கதவைத் தட்டுவோம்.